ஜியாலஜி படிக்கக் கடன்: எவ்வளவு வரை தாங்கும்?

பாறை, கனிமம், பூமியின் அமைப்பைப் பற்றிப் படிக்கும் ஜியாலஜியில் இடம் கிடைத்ததும் பெரும்பாலான வீடுகளில் கணக்கு மேலிருந்து கீழே ஓடுகிறது. 'ஜி.எஸ்.ஐ.யில் (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) வேலை கிடைத்தால் கைநிறையச் சம்பளம், நான்கைந்து லட்சம் கடன் பெரிய விஷயமா' என்று தொடங்கிவிடுகிறார்கள். கணக்கைக் கீழிருந்து போட வேண்டும். படிப்பு முடிந்ததும் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த சம்பளம் எது, அதில் எவ்வளவு தவணை கட்ட முடியும், அந்தத் தவணைக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற வரிசையில் போனால்தான் கடன் கழுத்தை நெரிக்காது. இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் படித்து இந்தியாவில் வேலை தேடுபவர்களுக்காக எழுதப்பட்டது. வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கடைசிக்கு முந்தைய பகுதியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பெயரைச் சரிபாருங்கள்

பள்ளிப் பாடநூலில் 'புவியியல்' என்றால் ஜியாகரபி. அரசின் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை'யில் அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. சிலர் ஜியாலஜியை நிலவியல் என்பார்கள், சிலர் புவிப்பொதியியல் என்பார்கள். தமிழில் மட்டும் பெயரைப் பார்த்து விண்ணப்பத்தில் டிக் அடித்தால் மூன்று ஆண்டு வேறு படிப்பில் போய்விடும். கல்லூரி இணையதளத்தில் ஆங்கிலப் பெயரையும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இதே கவனம் முதுகலையிலும் வேண்டும். ஜி.எஸ்.ஐ. வேலைக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த ஜியோ சயின்டிஸ்ட் தேர்வின் அறிவிப்பில், எந்தெந்தப் பெயருள்ள முதுகலைப் பட்டம் செல்லும் என்று பட்டியலே இருக்கும். ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மரைன் ஜியாலஜி, ஜியோகெமிஸ்ட்ரி போன்றவை அதில் உண்டு. கணினியில் நிலத் தகவலைக் கையாளும் ஜியோஇன்ஃபர்மாடிக்ஸ் நல்ல படிப்புதான், ஆனால் ஜி.எஸ்.ஐ. கனவோடு அதில் சேரக் கூடாது. சேரும் முன் கடைசியாக வந்த அறிவிப்பை இறக்கி, பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடாதீர்கள், ஆறு ஆண்டுக்குப் போடுங்கள்

இந்தத் துறையில் பி.எஸ்சி. பாதி வழிதான். ஜி.எஸ்.ஐ. ஜியாலஜிஸ்ட், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஹைட்ரோஜியாலஜிஸ்ட் போன்ற பதவிகள் எல்லாம் முதுகலை கேட்பவை. எனவே செலவுத் தாளில் ஐந்து ஆண்டுப் படிப்பும், அதன்பின் தேர்வுக்குத் தயாராகும் ஓராண்டும் வர வேண்டும்.

சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இந்தப் படிப்பு இருக்கிறது. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவை உண்டு. உங்கள் ஊரிலேயே ஜியாலஜி இருப்பது அபூர்வம். ஆகவே கல்லூரிக் கட்டணத்தைவிடத் தங்குவதும் சாப்பாடும்தான் பெரிய செலவு. இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'அரசுக் கல்லூரிதானே, செலவே இல்லை' என்று நினைக்கிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு, அரசுக் கல்லூரியை வைத்து. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

- தங்குமிடமும் சாப்பாடும்: மாதம் 5,000 வீதம் ஆண்டுக்கு 10 மாதம், 5 ஆண்டுக்கு ரூ.2,50,000
- கட்டணங்கள்: 5 ஆண்டுக்கும் சேர்த்து ரூ.50,000
- களப்பயணம்: ஆண்டுக்கு 8,000 வீதம் ரூ.40,000
- தேர்வுத் தயாரிப்பு ஆண்டு: ரூ.60,000

மொத்தம் 4 லட்சம். அதில் கட்டணம் எட்டில் ஒரு பங்குதான்.

களப்பயணத்தைத் தனி வரியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. அரியலூர்ப் பகுதியின் புதைபடிவப் பாறைகள், சேலத்தின் மேக்னசைட், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி என்று மாநிலத்துக்குள்ளேயே பார்க்க நிறைய இருந்தாலும், பல துறைகள் வெளிமாநிலத்துக்கும் அழைத்துப் போகும். பயணம் பாடத்திட்டத்தின் பகுதி, அதற்கு மதிப்பெண் உண்டு, தவிர்க்க முடியாது. அறிவிப்பு வந்து இரண்டு வாரத்தில் பணம் கட்டச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கைமாற்று வாங்குவதுதான் வழக்கமாகிவிட்டது. கடன் விண்ணப்பத்திலேயே 'கல்விச் சுற்றுலா, செயல்திட்டம்' என்ற தலைப்பில் இதைச் சேர்க்கலாம். வங்கி அதற்கு ஒரு வரம்பு வைக்கும், ஆனால் கேட்காதவருக்குத் தராது. துறைத் தலைவரிடம் உத்தேசச் செலவை எழுதி முத்திரையோடு வாங்கி இணையுங்கள். கருவிகளுக்குப் பயப்பட வேண்டாம். சுத்தியலும் பத்து மடங்கு லென்ஸும் சொந்தமாக இருந்தால் போதும். விலை உயர்ந்த பிரண்டன் காம்பஸைத் துறையே கொடுக்கும்.

தாளின் மறுபக்கத்தில் வரவை எழுதுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இளங்கலை முடியும்வரை மாதம் ரூ.1,000 வருகிறது. தங்குமிடச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.

கடன் எப்படி வளர்கிறது

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைத்தான் பொதுத்துறை வங்கிகள் ஏறத்தாழ அப்படியே பின்பற்றுகின்றன. ரூ.4 லட்சம் வரை உங்கள் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். ரூ.7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. தாயோ தந்தையோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் அவர்களுடைய சிபில் மதிப்பெண்ணை (கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்) விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். என்றோ மறந்துபோன நகைக்கடன் பாக்கி ஒன்று இங்கே வந்து நிற்கும்.

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி உண்டு. இது பலருக்கும் புரியாத இடம். தவணை இல்லாத அந்தக் காலத்தில் தனிவட்டியாக ஏறி, தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்ந்துவிடும். அன்றிலிருந்து வட்டிக்கும் வட்டி.

எண்ணிக்கையில் பார்ப்போம். எம்.எஸ்சி.க்கு ரூ.3 லட்சம் கடன், இரண்டு ஆண்டுகளின் தொடக்கத்திலும் ஒன்றரை லட்சம் வீதம் எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம். முதல் ஒன்றரை லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 45,000. இரண்டாவதுக்கு இரண்டு ஆண்டு வட்டி 30,000. தவணை தொடங்கும்போது பாக்கி ரூ.3,75,000. இதை 7 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 6,225, மொத்தம் கட்டுவது 5.23 லட்சம். 10 ஆண்டானால் தவணை 4,956, மொத்தம் 5.95 லட்சம். 15 ஆண்டானால் தவணை 4,030, மொத்தம் 7.25 லட்சம். வாங்கியது மூன்று லட்சம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால், முதல் ஆண்டில் மாதம் 1,250, பிறகு 2,500. தவணை மூன்று லட்சத்துக்கு மட்டுமே போடப்படும். ஏழு ஆண்டுக் கணக்கில் அது 4,980. இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் கிளையில் அது உண்டா என்று ஒப்புதல் கடிதம் வாங்கும்போதே கேளுங்கள்.

இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்றுதான்: கைக்காசை முதலில் செலவழியுங்கள், கடனைக் கடைசியில் வாங்குங்கள். பி.எஸ்சி. முதலாண்டில் வாங்கிய 1 லட்சம், எம்.எஸ்சி.யும் முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது 1.6 லட்சமாக நிற்கும். அதே 1 லட்சத்தை எம்.எஸ்சி. கடைசி ஆண்டில் வாங்கினால் 1.2 லட்சம். சேமிப்பு, சீட்டுப் பணம், உதவித்தொகை எல்லாவற்றையும் இளங்கலையில் தீர்த்துவிட்டு முதுகலைக்குக் கடன் எடுப்பது நாற்பதாயிரம் ரூபாய் லாபம். ஒரே ஒரு விலக்கு, தயாரிப்பு ஆண்டுக்கான பணம். பயிற்சி வகுப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் கல்விக்கடன் கிடைக்காது என்பதால் அந்த அறுபதாயிரத்தைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள்.

வட்டி மானியத்தை நம்பிக் கணக்குப் போடும் முன் கவனம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கான மத்திய மானியம், தொழில் மற்றும் தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்சி., எம்.எஸ்சி. அதில் வருமா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான், இளங்கலைக்கோ முதுகலைக்கோ. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் தேர்ந்த நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. பயனாளிகளுக்கு ஆண்டு வரம்பு இருப்பதால் இடம் உறுதியான வாரமே விண்ணப்பியுங்கள். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பது அந்தத் தளத்திலேயே தெரியும்.

சம்பளம்: மேல் வரிசை

ஜி.எஸ்.ஐ. ஜியாலஜிஸ்ட் பதவி ஏழாவது ஊதியக் குழுவின் 10-ஆம் நிலை. அடிப்படைச் சம்பளம் ரூ.56,100. அகவிலைப்படி அதில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, வீட்டு வாடகைப்படி தனி. ஜியோ சயின்டிஸ்ட் தேர்வில் முதல்நிலை இரண்டு தாள், 100 மதிப்பெண் பொது அறிவு, 300 மதிப்பெண் பாடம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். முதன்மைத் தேர்வு 200 வீதம் மூன்று தாள், விரித்து எழுத வேண்டும். பிறகு 200 மதிப்பெண் நேர்முகம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32. வேலை கிடைத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் போக வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் மாதக்கணக்கில் முகாமில் தங்க வேண்டும். குடும்பம் அதற்கு இசையுமா என்பதும் கணக்கில் சேர்த்திதான்.

இந்த வரிசையின் பெரிய ஆபத்து இடங்களின் எண்ணிக்கை. 2023 தேர்வுக்கு 285 இடம் அறிவித்தார்கள். 2024-க்கு 56. 2025-க்கு 85. முதல் எண்ணைப் பார்த்து எம்.எஸ்சி. சேர்ந்தவர் இரண்டாவது எண்ணில் தேர்வு எழுதினார். ஆண்டுக்கு எத்தனை இடம் என்பதை உங்களால் கணிக்க முடியாது. அதனால்தான் இந்தச் சம்பளத்தைக் கடனுக்கு அடிப்படையாக வைக்கக் கூடாது என்கிறோம்.

மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவிப் புவியியலாளர் பதவி, அடிப்படைச் சம்பளம் 37,700-இல் தொடங்குகிறது. இடங்கள் மிகக் குறைவு, எல்லா ஆண்டும் அறிவிப்பு வராது. பொதுத்துறையில் ஓ.என்.ஜி.சி.யின் தொடக்க அதிகாரி நிலை 60,000 அடிப்படையில், கோல் இந்தியாவின் பயிற்சி அதிகாரி நிலை 50,000 அடிப்படையில். இவர்கள் ஆள் எடுக்கும் முறை கேட் (எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணுக்கும் தனித் தேர்வுக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். எப்படியும் கேட் எழுதிவிடுவது நல்லது.

ஆராய்ச்சிப் பக்கம் போனால் கடன் சுமை வேறு மாதிரி. கேட் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை. நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. கூடவே வீட்டு வாடகைப்படி. நான்கைந்தாயிரம் தவணையை இதிலேயே கட்டலாம்.

சம்பளம்: கீழ் வரிசை

தனியார் வேலைகள் பலவகை. எண்ணெய்க் கிணற்றில் மட் லாகிங் (துளையிடும்போது வெளிவரும் சேற்றையும் பாறைத் துகளையும் ஆராய்வது), சுரங்க நிறுவனங்களில் தரக்கட்டுப்பாடு, மெட்ரோவுக்கும் அணைக்கும் மண் ஆய்வு, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, நிலத்தடி நீர் ஆய்வு, ஜி.ஐ.எஸ். எனும் கணினி வரைபடம். பல இடங்களில் ஒப்பந்த அடிப்படைதான். மட் லாகிங்கில் நாள் கணக்கில் பணம், வேலை உள்ள நாளுக்கு மட்டும். மாதத்தில் பாதி வீட்டில் இருந்தால் அந்தப் பாதிக்குச் சம்பளம் இல்லாமலும் போகலாம். எனவே 'நாளுக்கு இவ்வளவு' என்பதை 30-ஆல் பெருக்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் அழைத்தார்கள் என்று கேட்டு, அதால் பெருக்கி, 12-ஆல் வகுத்துப் பாருங்கள்.

உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நீங்கள் சேரப்போகும் துறையில் இரண்டு ஆண்டுக்கு முன் எம்.எஸ்சி. முடித்த ஐந்து பேரிடம் பேசுவது. முன்னாள் மாணவர் வாட்ஸ்ஆப் குழு எல்லாத் துறைகளிலும் இருக்கும். கேட்க வேண்டியவை: முதல் வேலை எத்தனை மாதம் கழித்துக் கிடைத்தது, பிடித்தம் போகக் கையில் வந்தது எவ்வளவு, தங்க இடம் தந்தார்களா, வகுப்பில் எத்தனை பேர் துறையை விட்டே போனார்கள். ஐந்து எண்ணிலும் இரண்டாவது குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தகவல் கையேட்டில் இருப்பது முதலிடம் வாங்கிய ஒருவரின் சம்பளமாக இருக்கும்.

தொடக்கச் சம்பளத்தைக் கூட்டுவது கையில் உள்ள வேலை. துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளை அடுக்கிய கோர் பெட்டி ஒன்றை முன்னால் வைத்து 'இதை லாக் செய்யுங்கள்' (ஆராய்ந்து பதிவுசெய்யுங்கள்) என்றால் செய்யத் தெரிய வேண்டும். ஒன்றரை மீட்டர் துளைத்த பாறையில் 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள துண்டுகள் 32, 25, 18, 15, 12 என்றால் கூட்டினால் 102 செ.மீ., அதை 150-ஆல் வகுத்தால் பாறையின் தரத்தைக் காட்டும் ஆர்.க்யூ.டி. 68 சதவீதம். சுமாரான பாறை என்று எழுதலாம். ஆனால் துண்டு இயற்கையாக உடைந்ததா, துளையிடும்போது உடைந்ததா என்று விளிம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். துளையிட்டதில் உடைந்திருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாக அளப்பார்கள். இதைக் கோட்டைவிடுபவரின் லாகை நம்பி யாரும் சுரங்கம் தோண்ட மாட்டார்கள். க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். படிக்கும்போதே அதில் உங்கள் மாவட்டப் பாறை வரைபடத்தைப் போட்டுப் பழகினால் செலவில்லாமல் ஒரு தகுதி கூடும்.

சில ஆண்டு பொறுத்தவர்களுக்கு வேறு கதவுகள் திறக்கும். ஜியாலஜி முதுகலையோடு சுரங்கத்தில் மேற்பார்வைப் பொறுப்பில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் சுரங்கத் திட்டம் தயாரிக்கும் தகுதி கிடைக்கும். கல்குவாரியும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள மாவட்டங்களில் இது நிலையான தொழில். கிராமங்களில் போர்வெல்லுக்கு இடம் குறித்துத் தருவதும் உண்டு. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைத்தான் பலர் முதலில் கூப்பிடுவார்கள் என்பதால் பெயர் எடுக்க நாள் பிடிக்கும். முதல் மூன்று ஆண்டுத் தவணைக்கு இதை நம்ப வேண்டாம்.

இரண்டு நாட்காட்டிகளைப் பக்கத்தில் வையுங்கள்

2026 ஜூலையில் எம்.எஸ்சி. சேர்பவர் 2028 மே, ஜூனில் முடிப்பார். தவணை 2029 ஜூன் வாக்கில் தொடங்கும். ஜியோ சயின்டிஸ்ட் தேர்வின் வழக்கமான ஓட்டம் இப்படி: செப்டம்பரில் அறிவிப்பு, பிப்ரவரியில் முதல்நிலை, ஜூனில் முதன்மை. 2025-இல் பிப்ரவரி 9, ஜூன் 21. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். எனவே 2027 செப்டம்பரில், மூன்றாம் பருவத்தில் இருக்கும்போதே விண்ணப்பித்தால் 2028 முயற்சியின் முடிவு தவணை தொடங்கும் முன் வந்துவிடும்.

'முதலில் படிப்பை முடிக்கிறேன், பிறகு பார்க்கலாம்' என்று ஒத்திப்போட்டால் முதல் முயற்சியே 2029. முதன்மைத் தேர்வு எழுதும் அதே மாதம் முதல் தவணை வங்கியிலிருந்து கழியும். முடிவு வர இன்னும் பல மாதம். தயாரிப்பைப் பாதியில் விட்டு ஏதோ வேலைக்கு ஓடுபவர்கள் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் ஓடுகிறார்கள். ஓராண்டு முன்னதாக ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

வரம்பைக் கண்டுபிடிப்பது

நீங்கள் விசாரித்து எடுத்த குறைந்த சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தவணைக்கு. வெளியூரில் அறை வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது போக அதற்கு மேல் மிஞ்சாது. பத்து ஆண்டு, 10 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை 1,322. கையில் 20,000 வருமானால் தவணை 4,000, அது தாங்கும் பாக்கி சுமார் 3.03 லட்சம். படிப்புக் கால வட்டியைக் கழித்தால் வாங்கக்கூடிய அசல் 2.4 லட்சம். கையில் 30,000 என்றால் 3.6 லட்சம். கையில் 20,000 மட்டும் வருமானால், முன்பு போட்ட மாதிரிக் கணக்கின் 4 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தையாவது கைக்காசிலும் உதவித்தொகையிலும் சமாளித்தாக வேண்டும் என்பது இதனால் தெரிகிறது. ஆண்டுக்குப் பெரிய தொகை கேட்கும் தனியார் நிறுவனத்தில் இதே பட்டத்துக்குச் சேர்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தேர்வு வாரியம் கேட்பது பட்டத்தின் பெயரை, வளாகத்தின் அழகை அல்ல. ஜாம், சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத் தேர்வுகளை எழுதி ஐ.ஐ.டி.க்கோ மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ முயலுங்கள்.

வெளிநாட்டு எம்.எஸ். பற்றி: 40 லட்சம் கடனை இரண்டு தவணையாக எடுத்தால், தவணை தொடங்கும்போது 50 லட்சம். 15 ஆண்டுக் கணக்கில் மாதம் சுமார் 53,700. வேலை அங்கே கிடைக்காமல் திரும்பினால், ஜி.எஸ்.ஐ. அடிப்படைச் சம்பளமே அதற்குத்தான் சரியாக இருக்கும். எண்ணெய்த் துறையை நம்பிப் போவோர் 2014-ஐ நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. முதல் ஆளாக நிறுத்தப்பட்டவை புதிய கிணறுகளும் அவற்றுக்கு எடுக்கவிருந்த புது ஆட்களும்தான். ஆய்வு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

தவணை தொடங்கிவிட்டது, வேலை இல்லை என்றால்

வங்கி தொலைபேசியை எடுக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக் கடனாகும், கையெழுத்துப் போட்ட பெற்றோரின் சிபிலும் விழும். பிறகு தங்கைக்கோ தம்பிக்கோ கல்விக்கடன் கேட்டுப் போகும்போது கிளையில் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணையை ஒத்திவைக்க மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. எம்.டெக்., பி.எச்டி. சேர்ந்தாலும் நீட்டிப்புக் கேட்கலாம். முதல் தவணைத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். அதில் கடன் கணக்கு எண், தேர்வு நுழைவுச் சீட்டின் நகல் அல்லது சேர்க்கைக் கடிதம், எத்தனை மாதம் கேட்கிறீர்கள், அதுவரை வட்டியில் எவ்வளவு கட்ட முடியும் ஆகிய நான்கும் இருக்கட்டும். மாதம் 500 ரூபாயாவது கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டியும் வருபவரின் விண்ணப்பத்தை மேலாளர் மேலிடத்துக்கு அனுப்பத் தயங்க மாட்டார். இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு கிளை முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.